அடைபட்ட எழுத்து

அத்தியாயம் ஏழு

அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் தரை கிடையாது.

கண்டக்டர் கதவுச் சட்டத்தை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டிக் கீழே பார்த்தார். மூன்று மாடி ஆழம். சுவரோடு ஒட்டி இரண்டு இரும்புத் தண்டவாளங்கள், நடுவில் கிரீஸ் பூசிய கம்பிக் கயிறு, அடியில் ஈரமான இருட்டு. சரக்கு லிஃப்ட் கீழ்த்தளத்தில் நின்றிருந்தது. அதன் கூரைமேல் யாரோ மரத்தூளைக் கொட்டிப் பெருக்கியிருந்தார்கள். எதற்காக மரத்தூள் என்று யோசித்ததும் அவர் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"என்னய்யா தெரியுது?" என்று பின்னாலிருந்து கேட்டார் ஸ்டெனோ.

"இறங்குற இடம் தெரியுது மேடம். ஏறுற வழிதான் தெரியல."

ஸ்டெனோ சிரிக்கவில்லை. அவர் சிரித்துக் கண்டக்டர் பார்த்ததே இரண்டு தடவைதான். இருபத்திரண்டு வருடம் கோர்ட்டில் உட்கார்ந்து, ஊரார் சொன்ன பொய்யையெல்லாம் சுருக்கெழுத்தில் பிடித்து வைத்த மனுஷி. போதும் என்று ஒருநாள் எழுந்து வந்து, துப்பறியும் நிலையம் என்று ஒரு போர்டு மாட்டினார். அந்த நிலையத்தின் ஒரே சிப்பந்தி, இருபத்தாறு வருடம் பஸ்ஸில் நின்றே காலம் தள்ளி ஓய்வுபெற்ற கண்டக்டர். இவர் பேசுவார், அவர் எழுதுவார். இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்க இல்ல? கதவை மூடிடுங்க சார்," என்றார் மேனேஜர். கஞ்சி மடிப்பு கலையாத சட்டை, கையில் மடித்த கைக்குட்டை, குரலில் துக்கம். "மாமா இதே இடத்துலதான்... பதினோரு நாளாச்சு. எனக்கு இன்னும் சோறு இறங்கல."

செத்துப்போனவர் இந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் மேஸ்திரி, மேனேஜரின் அக்கா கணவர். முப்பது பேர் வேலை பார்க்கும் இடம். அத்தனை பேருக்கும் பார்வை குறைவு. மேஸ்திரிக்கும் அப்படித்தான். உலகம் முழுக்கப் புகைமூட்டத்துக்குள் இருப்பது மாதிரி தெரியும். பெரிய, கறுத்த எழுத்தாக இருந்தால் நாலடி தூரத்தில் படித்துவிடுவார்.

தொழிற்சாலை இந்தப் புதுக் கட்டடத்துக்கு மாறி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு மாடியிலும் ஒரே மாதிரி இரண்டு சாம்பல் நிறக் கதவுகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று, படிக்கட்டுக்குப் போகும் நடைபாதைக்கு. அதன்மேல் 'நடை' என்ற பலகை. மற்றொன்று லிஃப்ட் குழிக்கு. அதன்மேல் 'தடை'. கீழ் இரண்டு மாடிகளில் நடைக் கதவு இடப்பக்கம். மேல் இரண்டு மாடிகளில், கட்டியவன் வசதிக்காக, இடம் வலமாகிவிட்டது. கீழே வேலை செய்து கை பழகியவர் மேலே வந்தால் பலகையைப் படித்துத்தான் கதவைத் தொட வேண்டும். மேஸ்திரி ஒருநாள் சாயங்காலம் மேலே வந்தார். திரும்பி இறங்கப் போகையில் இடப்பக்கக் கதவைத் திறந்து காலை வைத்தார்.

"குழிக் கதவு எப்பவும் பூட்டித்தானே இருக்கணும்?" என்றார் ஸ்டெனோ.

"லிஃப்ட் மெக்கானிக் பூட்ட மறந்துட்டான் மேடம். அவனை அன்னைக்கே வேலையை விட்டு அனுப்பியாச்சு." மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். ஹாலின் மறுகோடியில், சுவரில் சாய்ந்து, இந்தப் பக்கம் திரும்பாமல் நின்ற பெண்ணைக் கண்ணால் காட்டினார். "அவங்களைக் குத்தம் சொல்லக் கூடாது. பாவம், கூடப் பிறந்தவங்க. ஆனா உண்மை உண்மைதானே? போர்டுல இருந்த எழுத்து அப்படி. நடை எது, தடை எதுன்னு தெரியாமதான் மாமா போயிட்டார்."

"அந்த போர்டுங்க எங்க?"

"கழட்டித் தூரப் போட்டுட்டேன் மேடம். பார்க்கப் பார்க்க நெஞ்சு எரிஞ்சுது." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு ஷிஃப்ட் முடியும். அது வரைக்கும் தாராளமா இருங்க. எதுவா இருந்தாலும் உங்க கண்ணால பார்த்துட்டுப் போங்க."

அவர் படியிறங்கிப் போன சத்தம் அடங்கியது. கீழே எங்கோ அட்டை வெட்டும் இயந்திரம் தடக், தடக் என்று அடித்துக்கொண்டிருந்தது. கட்டடமே பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிற மாதிரி இருந்தது கண்டக்டருக்கு.

"ரொம்ப நல்ல மனுஷன் மேடம். எனக்கு ஏன் இப்படிக் குளிருது?"

"வாயை மூடிட்டுப் பையைத் திறய்யா."

சுவரோரம் நின்ற பெண் அப்போதுதான் திரும்பினாள். அவள்தான் எழுத்துக்காரி. எழுத்துரு வரைவது அவள் தொழில். மூன்று நாளைக்கு முன் ஒரு செய்தித்தாள் துண்டோடு நிலையத்துக்கு வந்தாள். 'அலங்கார எழுத்தால் பறிபோன உயிர்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. "என் எழுத்து என் அண்ணனைக் கொன்னுச்சான்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க," என்று கேட்டாள். "ஆமான்னு சொன்னாலும் பரவாயில்ல. ஆனா யாராவது பார்த்துட்டுச் சொல்லணும். அண்ணி என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேங்கிறாங்க."

கண்டக்டர் துணிப்பையின் ஜிப்பை இழுத்தார். உள்ளே, பழைய செய்தித்தாளில் சுற்றிய இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் பலகைகள். காலையில் இவர்கள் வருவதாகச் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே வந்து, பின்பக்கக் கழிவு மைதானத்தில், அட்டைத் துண்டு மலைக்குள் இடுப்பளவு இறங்கித் தேடி எடுத்தவை.

"பஸ்ஸுல ஒருத்தர் பல்செட்டை விட்டுட்டுப் போயிட்டார், அதையே தேடிக் கொடுத்தவன் நான். இது எந்த மூலைக்கு?" என்றவர், முழங்கையைச் சொறிந்துகொண்டார். "என்ன, அந்தப் பல்செட்டு கடிக்கல."

எழுத்துக்காரி ஒரு பலகையை வாங்கினாள். பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

"இது என் எழுத்து," என்றாள். பிறகு தலையாட்டினாள். "இல்ல. இது என் எழுத்தோட பிணம்."

ஸ்டெனோ அவள் எதிரில் குந்தி உட்கார்ந்து, குறிப்பேட்டைத் திறந்தார். "புரியற மாதிரி சொல்லும்மா."

அவள் சொல்லத் தொடங்கினாள். முதலில் தடுமாறித்தான் வந்தது. வேலையைப் பற்றிப் பேசப் பேசக் குரல் நேராயிற்று.

அந்த எழுத்துருவுக்கு 'தடியன்' என்று பெயர். சின்ன வயதில் அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். கொக்கி கிடையாது, வால் நுனியில் வளைவு நெளிவு கிடையாது. எல்லாக் கோடும் ஒரே பருமனில், தூரத்திலிருந்தே தெரிகிற எழுத்து. கடைப் பெயர்ப்பலகை, சுவர் விளம்பரம், பஸ்ஸின் நெற்றி என்று அது போகாத இடமில்லை.

"அட, நம்ம டெப்போ பஸ்ஸுல எல்லாம் அந்த எழுத்துதான்! கண்ணாடி இல்லாமலே படிப்பேனே," என்றார் கண்டக்டர்.

"தமிழ் எழுத்தைத் தடியா வரையறதுதான் சார் கஷ்டம். சுழி, வளைவு, சந்துன்னு உள்ளே அவ்வளவு இடம் இருக்கு. கோடு பெருக்கப் பெருக்க அந்த இடத்தைத் தின்னுடும். கடைசியில எல்லா எழுத்தும் மைக் கட்டியா ஆயிடும். அதனால நான் கோட்டைப் பெருக்கிட்டு விடல. ஒவ்வொரு எழுத்தையும் அகலமாக்கி, உள்ளே இருக்கிற இடத்தைக் காப்பாத்தினேன்." பலகையில் முதல் எழுத்தின் இடப்பக்கத்தைத் தொட்டாள். "நானாவையும் தானாவையும் பாருங்க. ரெண்டுக்கும் வலப்பக்கம் ஒரே வளைவு, ஒரே வால். வித்தியாசம் இடப்பக்கம்தான். நானாவுக்கு நேரான கால், அதுக்குப் பக்கத்துல வாசல் மாதிரி ஒரு சந்து. தானாவுக்கு உருண்டைச் சுழி. சந்தும் சுழியும் அடைபட்டுட்டா?"

"ரெண்டும் ஒண்ணு," என்றார் ஸ்டெனோ.

"அந்த நானாவை நாப்பது தடவை வரைஞ்சேன் மேடம். அண்ணன் முற்றத்துக்கு அந்தக் கோடியில நாற்காலி போட்டு உட்காருவார். நான் இந்தக் கோடியில காகிதத்தைத் தூக்கிப் பிடிப்பேன். 'என்ன தெரியுது?'ன்னா, 'கறுப்புப் பூனை'ம்பார். மாத்தி வரைஞ்சா, 'பூனை படுத்திருக்கு'ம்பார். நாப்பதாவது காகிதத்தைப் பார்த்துட்டு எழுந்து நின்னுட்டார். 'நானா! சந்து தெரியுதுடி!'ன்னார்." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இதுல அந்தச் சந்தைக் காணோம்."

கண்டக்டர் பலகையைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுவந்தால் படிக்க முடிந்தது. இரண்டடி தள்ளிப் பிடித்தால் கறுப்பு உருண்டை, அதற்குப் பக்கத்தில் ஒரு 'டை'. இன்னொன்றையும் பார்த்தார். அதே உருண்டை. அதே 'டை'.

"சலூன்ல தலைக்குப் பூசிவிடுற டை மாதிரி அப்பியிருக்கு. ஆனா மேடம், ஏதாச்சும் அவசரத்துல, கம்ப்யூட்டர்ல எவனாவது தப்பா பட்டனைத் தட்டியிருக்கலாம் இல்ல?"

"இதை அப்படித்தான் செஞ்சிருக்காங்க," என்றாள் எழுத்துக்காரி. "தடியனுக்கு மெல்லிசா ஒரு தம்பி இருக்கு. அதைப் போட்டுட்டு, தடிப்பு பட்டனை அமுக்கியிருக்காங்க. கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. பலூன் மாதிரி எல்லாப் பக்கமும் ஊதிடும்." திடீரென்று நிமிர்ந்தாள். "ஆனா அந்த மெல்லிசு எழுத்தை நான் இன்னும் வெளியிலயே விடல. அண்ணன் பொண்ணோட கல்யாணப் பத்திரிகைக்காக அண்ணனுக்கு மட்டும்தான் அனுப்பினேன். அவர் அதை ஆபீஸ் கம்ப்யூட்டர்லதான் வச்சிருந்தார்."

"அண்ணன் இதைக் கவனிச்சிருக்க மாட்டாரா?"

"கீழே எல்லாம் என் போர்டுதான் மேடம். வர்ற வழியில பார்த்துட்டே வந்தேன். கழிவறை, உணவறை, மாடிப்படி, எல்லாமே நான் வரைஞ்சது, ஒரு பழுதும் இல்ல. கீழே பதினஞ்சு நாளா சரியா படிச்சவருக்கு, மேலே மட்டும் போர்டை மாத்திட்டாங்கன்னு எப்படித் தெரியும்? உருண்டையா ஏதோ தெரிஞ்சிருக்கும். நடைன்னு நினைச்சிருப்பார். எப்பவும் போல இடப்பக்கம்..."

அவள் அந்தக் கதவைப் பார்த்தாள்.

ஸ்டெனோ இரண்டு பலகைகளையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் இரட்டை டேப்பின் பிசின், ஓரத்தில் ஊதா மையில் ஒரு முத்திரை. ஏதோ ஒரு ஸ்டிக்கர் கடையின் போன் நம்பர். முன்பக்கம் திருப்பினார். 'நடை' பலகையின் கீழ் வலது மூலையைக் கட்டைவிரலால் தடவினார். அங்கே நகம் அளவுக்குச் சின்னதாக ஒரு முக்கோண வெட்டு. 'தடை'யில் அது இல்லை.

"குப்பையில அடிபட்டிருக்கும்," என்றார் கண்டக்டர்.

"அடிபட்டா உடையும். இது கத்தரிக்கோல் வெட்டு." ஸ்டெனோ கையை நீட்டினார். "உன் பேனாக்கத்தியைக் கொடு. கொடுத்துட்டு அந்தக் கடைக்குப் போன் போடு, எல்லாருக்கும் கேட்கற மாதிரி."

அவர் கத்தியை வைத்து என்ன செய்தார் என்று கண்டக்டர் கவனிக்கவில்லை. அதற்குள் மணி அடித்துக் கடைக்காரர் எடுத்துவிட்டார். வாயில் எதையோ மென்றுகொண்டே, குஷியாக.

"சொல்லுங்கண்ணே!"

"அண்ணே, அட்டைப்பெட்டி கம்பெனிக்கு நடை, தடைன்னு போர்டு அடிச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்காதா பின்ன? ஏன், மறுபடி வேணுமா? இது மூணாவது செட்டா?"

கண்டக்டர் ஸ்டெனோவைப் பார்த்தார். ஸ்டெனோதான் போனை வாங்கினார்.

"எழுத்து கொஞ்சம் ஊதியிருந்துச்சே?"

"அதை ஏன் கேட்கறீங்க! சுழியெல்லாம் அடைச்சிருக்கு, திருத்தித் தரட்டுமான்னு முதல் தடவையே கேட்டேன். இப்படியேதான் வேணும்னு பதில் வந்துச்சு. நமக்கென்ன, வாங்குறவங்க இஷ்டம்."

"யார் கேட்டது?"

"கம்பெனி மெயில்தாங்க. ஆளைப் பார்த்ததில்ல. டெலிவரிப் பையன் வந்து வாங்கிட்டுப் போவான்."

"ரெண்டாவது செட் எப்போ போச்சு?"

"நேத்து மத்தியானம்."

நேற்று. மேஸ்திரி செத்துப் பத்து நாளுக்குப் பிறகு.

ஸ்டெனோ போனை வைத்தார். கீழே தடக் தடக் என்று அடித்துக்கொண்டிருந்த இயந்திரம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று மூன்று பேருக்குமே தெரியவில்லை.

"உங்க அண்ணனுக்கும் இந்த கம்பெனிக்கும் ஏதாவது தகராறு இருந்துச்சா?" என்று கேட்டார் ஸ்டெனோ. அவர் இவ்வளவு வேகமாகப் பேசிக் கண்டக்டர் கேட்டதே இல்லை. "யோசிச்சுச் சொல்லு. சின்ன விஷயம்னு விட்டுடாதே."

"வெட்டுற மெஷினுக்கு முன்னால ஒரு தடுப்பு இருக்குமாம். வேலை வேகமா நடக்கணும்னு அதைக் கழட்டிட்டாங்க. ரெண்டு பேருக்கு விரல் போச்சு. தொழிற்சாலை ஆய்வாளர் வந்தா மறைக்காம சொல்லிடுவேன்னு அண்ணன் சொல்லிட்டிருந்தார். தடுப்பைக் கழட்டச் சொன்னதே அண்ணியோட தம்பிதான், அதனால வீட்டுலயே பேச்சுவார்த்தை கெட்டுப் போயிருந்துச்சு. ஆய்வாளர் வரதுக்குள்ளதான்..."

"ஆய்வாளர் வந்தாரா?"

"சாவு விழுந்ததால தள்ளிப் போட்டாங்க. நாளைக்கு வரார்."

"உங்க அண்ணன் இல்லேன்னா வேற யார் சொல்லுவாங்க?"

"பிரஸ் அக்கா. மெஷின்ல உட்காருறது அவங்கதான். அவங்களுக்கே ரெண்டு விரல் போயிடுச்சு. அவங்களும் சொல்றேன்னு..." எழுத்துக்காரியின் கண்கள் மெல்லப் பெரிதாயின. "மேடம், மெஷின் நின்னுடுச்சு."

கண்டக்டர் படிக்கட்டுப் பக்கம் ஓடிக் கீழே எட்டிப் பார்த்துக் கத்தினார். "ஏம்ப்பா! பிரஸ் அக்கா எங்க?"

கீழிருந்து ஒரு குரல் வந்தது. "மேனேஜர் நாலாவது மாடிக்கு அனுப்பியிருக்கார் சார்! பழைய சரக்கை எண்ணிப் பார்க்கச் சொன்னார்! இப்பத்தான் வேலையை முடிச்சுட்டு இறங்குறேன்னு போன் பண்ணிச்சு!"

நாலாவது மாடி. மேல் மாடி. இடம் வலமான மாடி.

கண்டக்டருக்கு வயது அறுபத்தொன்று. முட்டியில் நீர் கோத்து இரண்டு வருடமாகிறது. அதையெல்லாம் படிக்கட்டில் எங்கோ கொட்டிவிட்டு ஏறினார். நடைபாதையில் ஓடி நடைக் கதவைத் தள்ளினார். நாலாவது மாடி ஹாலுக்குள் விழுந்தபோது மூச்சு நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது.

அவர் நின்ற கதவுக்குப் பக்கத்துக் கதவின் முன் ஒரு அம்மாள். ஐம்பது வயது இருக்கும். தோளில் சாப்பாட்டுப் பை. முகத்தைப் பலகைக்கு நேராக உயர்த்திக் கண்ணைச் சுருக்கினாள். பிறகு, சரி என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு, மூன்று விரல் மட்டும் இருந்த இடது கையால் கைப்பிடியைத் திருகினாள். கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. புதிதாக எண்ணெய் போட்டிருந்தார்கள்.

"ஹோல்டா...ன்!"

இருபத்தாறு வருடம், ஓடுகிற பஸ்ஸின் கடைசிப் படியிலிருந்து டிரைவர் காது வரைக்கும் போன குரல் அது. அம்மாளின் தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. அடுத்த நொடி கண்டக்டர் அவள் தோள்பையைப் பிடித்துப் பின்னால் இழுக்க, இருவருமாகத் தரையில் விழுந்தார்கள். பையிலிருந்து ஒரு டப்பா உருண்டு, வாசலைத் தாண்டி, காணாமல் போனது. அது கீழே விழுந்த சத்தம் கேட்க வெகுநேரம் ஆயிற்று.

"யாருப்பா அது? என்ன விழுந்துச்சு?" என்றாள் பிரஸ் அக்கா.

"உங்க சாப்பாட்டு டப்பாக்கா," என்றார் கண்டக்டர். அவள் தோள்பையை அவர் இன்னும் விடவில்லை. "வேற ஒண்ணும் இல்ல. வேற ஒண்ணும் விழல."

ஸ்டெனோவும் எழுத்துக்காரியும் வந்து சேர்ந்தார்கள். எழுத்துக்காரி திறந்த கதவின்மேல் இருந்த பலகையைப் பார்த்தாள். கறுப்பு உருண்டை. பக்கத்தில் 'டை'. அவள் பிரஸ் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம்," என்றார் கண்டக்டர் மெதுவாக, "நம்மளை உள்ள விட்டுட்டே இதைச் செய்யறாங்களே. அவ்வளவு தைரியமா?"

"தைரியம் இல்லய்யா. நம்மளை அதுக்குத்தான் உள்ள விட்டதே. நாம இருக்கும்போதே இன்னொருத்தர் விழுந்தா, எழுத்துதான் காரணம்னு கோர்ட்டுல போய்ச் சொல்லப்போறது யாரு? நீயும் நானும்."

எதுவா இருந்தாலும் உங்க கண்ணால பார்த்துட்டுப் போங்க. மேனேஜர் சொன்னது கண்டக்டர் காதில் மறுபடி கேட்டது.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. மேனேஜர் மூச்சிரைக்க வந்தார். தரையில் உட்கார்ந்திருந்த பிரஸ் அக்காவைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு கணம் எதுவுமே இல்லை. பிறகுதான் பதற்றம் வந்தது.

"ஐயையோ! மறுபடியுமா? நான் சொன்னேன் பார்த்தீங்களா மேடம்? இந்த எழுத்தை முதல்ல எல்லா இடத்துலேர்ந்தும் பிடுங்கிப் போடணும்!"

"ஆமா சார், எங்களுக்கே குழப்பமா இருக்கு," என்றார் ஸ்டெனோ, ரொம்ப சாதுவாக. பையிலிருந்து குப்பைமேட்டுப் பலகைகள் இரண்டையும் எடுத்து, கைக்கு ஒன்றாக மார்புக்கு நேரே பிடித்தார். "மூணாவது மாடியில இருந்தது கிடைச்சிடுச்சு. இதுல எது நடை, எது தடைன்னு எங்க மூணு பேருக்கும் சண்டை. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

மேனேஜருக்கும் அவருக்கும் இடையே பத்தடி இருந்தது. மேனேஜரின் பார்வை இந்தப் பலகைக்கு வந்தது. அந்தப் பலகைக்குப் போனது. ஒரு நொடிகூட ஆகவில்லை.

"இதுதான் நடை," என்று ஸ்டெனோவின் வலது கையைக் காட்டினார்.

"நிச்சயமா?"

"பார்த்தாலே தெரியுதே மேடம். கண்ணு தெரியாதவங்களுக்குத்தான் கஷ்டம்."

"கிட்ட வந்து படிங்க."

மேனேஜர் வந்தார். குனிந்தார். அவர் உதடு எழுத்துக்கூட்டுவது கண்டக்டருக்குத் தெரிந்தது. முதல் எழுத்தில் அது நின்றுபோயிற்று.

"தடை," என்றார் ஸ்டெனோ. "பத்தடியில இருந்து அடிச்சுச் சொன்னீங்க. எழுத்தைப் பார்த்திருந்தா தெரியலன்னு சொல்லியிருப்பீங்க. வரைஞ்ச இவளுக்கே அங்கிருந்து தெரியாது. நீங்க எழுத்தையே பார்க்கல, மூலையைப் பார்த்தீங்க." வலது கைப் பலகையின் கீழ்மூலையைக் காட்டினார். சின்ன முக்கோண வெட்டு. "இந்த வெட்டு கால் மணி நேரத்துக்கு முன்னால நான் போட்டது, இவரோட பேனாக்கத்தியில." இடது கையின் கட்டைவிரலை நகர்த்தினார். அதன் அடியில் இருந்தது பழைய வெட்டு. "இது நீங்க போட்டது. சந்தை அடைச்சீங்க, சுழியை அடைச்சீங்க. அடைச்சு முடிச்ச பிறகு, எதை எந்தக் கதவுல ஒட்டணும்னு உங்களுக்கே சட்டுனு தெரியல. அதான் அடையாளத்துக்கு ஒரு வெட்டு."

கண்டக்டர் எழுந்து நாலாவது மாடிப் பலகைகளின் மூலையைப் பார்த்தார். அங்கேயும் ஒன்றில் அதே வெட்டு. தலையை மட்டும் ஆட்டினார். அவருக்கு ஜோக் வரவில்லை.

மேனேஜர் மறுப்பார், கத்துவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் கைக்குட்டையை எடுத்து, நாலாக மடித்து, மறுபடி விரித்தார்.

"ஒரே ஒரு தடவை வாயைத் திறக்காம இருங்க மாமான்னு காலைப் பிடிச்சேன்," என்றார். "ஜெயிலுக்குப் போயிடுவேன் மாமான்னேன். விரல் போனவங்களுக்கு நீ என்ன பதில் சொல்றேன்னு கேட்டார். வேற எதையுமே பேச மாட்டேன்னுட்டார்."

"அதுக்கு?" என்று கேட்டாள் பிரஸ் அக்கா தரையிலிருந்து. "என் விரலுக்கு என்ன பதில் வச்சிருக்கே?"

மேனேஜர் கைக்குட்டையை மறுபடி மடித்தார். குழிக் கதவின் சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. போலீஸ் வந்து கேட்டபோது தானே எடுத்துக் கொடுத்தார்.

ஜீப் போன பிறகு ஹாலில் மூன்று பேர் மட்டும் மிஞ்சினார்கள். குழிக் கதவின் குறுக்கே கண்டக்டர் ஒரு மேஜையை இழுத்துப் போட்டார். எழுத்துக்காரி ஜன்னலோரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எழுத்து கொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் அதை அண்ணியிடம் சொல்ல வேண்டுமானால், யார் கொன்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். புருஷனை இழந்தவளிடம், உன் கூடப்பிறந்தவன்தான் என்று.

"நான் வேணா பேசட்டுமாம்மா?" என்றார் ஸ்டெனோ.

"வேண்டாம் மேடம். போலீஸ்காரங்க வாயால கேட்கக் கூடாது. நானே சொல்லிடறேன்."

மறுமுனையில் மணி நெடுநேரம் அடித்தது. எடுத்தார்கள்.

"அண்ணி, நான்தான். வச்சிடாதீங்க." எழுத்துக்காரி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். பலகையை மாற்றியதை, சாவியை, பிரஸ் அக்காவை, எல்லாவற்றையும். நாலைந்து வாக்கியம்தான். சொல்லி முடித்துவிட்டு, அழுகையை, வசவை, எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள்.

கண்டக்டருக்கும் கேட்டது, தூங்கி எழுந்தவள் மாதிரி அண்ணியின் குரல்.

"என் தம்பி பதினோரு நாளா தினமும் வரான்டி. வாசல்ல வந்து நின்னு அக்கா, அக்கான்னு கூப்பிடறான். கதவு திறந்துதான் இருக்கு, தள்ளிட்டு வாடான்னா வர மாட்டேங்கிறான். நான் எழுந்து போய்த் திறந்து, உள்ள தரை இருக்குன்னு நின்னு காட்டினாத்தான் காலை எடுத்து வைக்கிறான். ஏன்டா இப்படிப் பண்றேன்னு நான் ஒருநாள்கூடக் கேட்கலையே."